வெள்ளை ஓக் தரை: ஏழு அங்குலப் பலகை போடலாமா?

வாசற்படி

மன்றத்தில் எல்லோருக்கும் வணக்கம். வீட்டுத் தரையை மாற்றப் போகிறோம். மரம் வெள்ளை ஓக் என்று முடிவாகிவிட்டது, அதில் சண்டை இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

எனக்கு ஏழு அங்குல அகலப் பலகை வேண்டும். கணு குறைவாக இருக்க வேண்டும், அறுத்த புதிதில் இருக்கும் அந்த வெளிர் நிறம் கடைசிவரை மஞ்சளாகக் கூடாது. என் கணவருக்கு மூன்றேகால் அங்குலம் போதும், ஆனால் முழுமரமாக இருக்க வேண்டும். ஒட்டுப்பலகையின் மேல் ஓர் அடுக்கு ஓக் ஒட்டிய அடுக்குப் பலகை என்றாலே "மேலே மட்டும் மரம்" என்று முகம் சுளிக்கிறார்.

கீழே கூடம், காங்கிரீட் தளத்தின் மேல். மாடியில் இரண்டு அறைகளும் அவற்றுக்கு நடுவே ஒரு நீள நடையும், மரச் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை. வீட்டில் ஒரு நாய், ஆறு வயதில் ஒரு பையன்.

தரை போடுபவர், பெட்டிகள் வந்து இறங்கிய மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம் என்கிறார். மேசைமேல் 14 மாதிரித் துண்டுகள் கிடக்கின்றன. காலையில் ஒரு நிறம், விளக்குப் போட்டால் வேறு நிறம். எங்கிருந்து தொடங்குவது?

முழக்கோல்

பதினான்கு துண்டுகளையும் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள் அம்மா. முதலில் ஓர் ஈரமானி வேண்டும். வாங்க வேண்டியதில்லை, இரவல் கிடைத்தாலும் போதும். ஊசி குத்தி மரத்தின் ஈரத்தைச் சதவீதமாகக் காட்டும் கருவி.

மறுநாளே தொடங்கலாம் என்று சொன்னவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பலகையில் எத்தனை, அடித்தளத்தில் எத்தனை?" எண் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சிரித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மரவண்டு

ஐயா, வெள்ளை ஓக் தண்ணீருக்கு அஞ்சாத மரம் அல்லவா? மதுப் பீப்பாய்களே அதில்தான் செய்கிறார்கள். கப்பல்கூடக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

முழக்கோல்

நல்ல கேள்வி, நிறையப் பேரைக் குழியில் தள்ளிய கேள்வியும் இதுதான்.

வெள்ளை ஓக்கின் வைரப் பகுதியில், அதாவது தண்டின் நடுவிலுள்ள முற்றிய மரத்தில், நீர் ஏறும் குழாய்களை டைலோசிஸ் என்ற சவ்வு போன்ற வளர்ச்சி அடைத்துவிடுகிறது. சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு பெரும்பாலும் இல்லை. சிவப்பு ஓக்கின் ஒரு சிறு துண்டை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் கன்னம் வலிப்பதுதான் மிச்சம். பீப்பாய் ஒழுகாததற்குக் காரணம் இதுதான். பட்டையை ஒட்டிய வெளிறுக்கு இந்தப் பெருமை கிடையாது, வைரத்துக்கு மட்டும்தான்.

ஆனால் தண்ணீர் ஒழுகி ஓடாமல் இருப்பது வேறு, காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்புவது வேறு. இரண்டாவதில் வெள்ளை ஓக்கும் மற்ற மரங்களைப் போலத்தான். கணக்குச் சொல்கிறேன். தண்டை ஒரே போக்கில் நெடுக அறுத்து எடுக்கும் நேர் அறுப்புப் பலகையில் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.00365 பங்கு மாறும். ஏழு அங்குலம் என்றால் 178 மி.மீ. வறண்ட மாதத்துக்கும் ஈர மாதத்துக்கும் நடுவே மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை 2.6 மி.மீ. அசையும். உங்கள் கணவர் கேட்கும் மூன்றேகால் அங்குலப் பலகையில் அதே மாற்றம் 1.2 மி.மீ. தான்.

மொத்த அறையின் அசைவு இரண்டிலும் ஒன்றே. ஒல்லிப் பலகையில் அது நூறு சின்ன இடுக்குகளாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அகலப் பலகையில் நாணயம் செருகும் இடைவெளியாக நிற்கிறது.

சிதல்

முழக்கோல் ஐயா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் சொன்னது நேர் அறுப்புப் பலகையின் கணக்கு. குவார்ட்டர் அறுப்பில் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். அதில் அகலவாட்டு அசைவு 0.0018, பாதிதான். அதாவது ஏழு அங்குலக் குவார்ட்டர் பலகையும் மூன்றரை அங்குல நேர் அறுப்புப் பலகையும் ஒரே அளவு அசையும். வாசற்படி அக்காவின் ஆசைக்கு அங்கே ஒரு கதவு திறக்கிறது.

கூடுதலாக, குவார்ட்டர் அறுப்பில் குறுக்கே பட்டுத்துணி மினுக்கம் போன்ற திட்டுகள் வரும். மரத்தின் கதிர்த்திசு அறுபடும் இடங்கள் அவை. ஓக்கின் உண்மையான அழகு அதுதான் என்பது என் கட்சி. சிலருக்குப் பிடிப்பதில்லை, கறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. மினுக்கம் வேண்டாம், நேர் ரேகை மட்டும் வேண்டும் என்றால் ரிஃப்ட் அறுப்பு. வளையங்கள் 30 முதல் 60 பாகை சாய்வில் இருக்கும், கோடு போட்டது போல ஓடும். இரண்டும் கலந்த பெட்டிகளும் கிடைக்கும். மரத்தில் சேதாரம் அதிகம் என்பதால் விலையும் அதிகம்.

வாசற்படி

நன்றி. நான் நிறத்தைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறீர்கள். அறுப்பைப் பற்றி எந்தக் கடையிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காங்கிரீட் மேல் முழுமரம் போடலாமா?

சிதல்

போட்டவர்கள் உண்டு. காங்கிரீட் மேல் ஈரத்தடுப்பு, அதன்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் ஆணி. தரை ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் உயரும். கதவெல்லாம் அறுக்க வேண்டும். அதற்குப் பதில் கூடத்துக்கு அடுக்குப் பலகை போடுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: 19 மி.மீ. முழுமரப் பலகையிலும் தேய்த்து எடுக்கக்கூடியது, அடுத்த பலகையின் காடிக்குள் செருகும் ஓர நாக்குக்கு மேலே உள்ள 6 முதல் 8 மி.மீ. மட்டுமே. அதற்குக் கீழே போனால் ஆணித் தலை தெரியும். அடுக்குப் பலகையில் மேல் அடுக்கு 4 மி.மீ. இருந்தால் இரண்டு முறை தேய்க்கலாம், 6 இருந்தால் முழுமரத்துக்கும் அதற்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை. 2 மி.மீ.க்குக் கீழே என்றால் அவர் சொல்வது சரி, அது மரம் பூசிய ஒட்டுப்பலகை. பெட்டியின் மேல் மொத்தத் தடிமனைப் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மேல் அடுக்கின் தடிமன்.

அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அகலவாட்டு அசைவு கட்டுப்படும். ஏழு அங்குலம் அங்கேதான் பொருந்தும். தரைக்கடியில் வெப்பக்குழாய் ஓடும் வீடுகளிலும் இதையே சொல்வேன்.

ஈரக்கை

இத்தனை பேர் பேசும்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் தப்பித்தால் போதும்.

ஐந்து அங்குல வெள்ளை ஓக், முழுமரம், அருமையாகப் போட்ட தரை. இரண்டாம் ஆண்டு பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் அடியில் கசிந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் வெறுங்காலோடு நடந்தபோது ஒவ்வொரு பலகையும் நாட்டு ஓடு ஒன்றைக் கவிழ்க்காமல் வைத்தது போல ஓரம் தூக்கி, நடு பள்ளமாக இருந்தது. அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்திருக்கிறது, மேல்பக்கம் உலர்ந்தே இருக்கிறது, அதனால் வளைவு.

கசிவை அடைத்தோம். வந்த ஆள், "இயந்திரம் போட்டுத் தேய்த்துவிட்டால் சமமாகிவிடும்" என்றார். மூன்றாவது வாரம் தேய்த்தார். கண்ணாடி போல ஆனது. பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து அடிப்பக்கமும் காய்ந்தது. பலகைகள் பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் ஓரங்களைத்தான் தேய்த்து எடுத்துவிட்டோமே! இப்போது ஒவ்வொரு பலகையும் நடுவில் முதுகு தூக்கி நிற்கிறது. பொறுத்திருந்தால் பாதி தானாகவே படிந்திருக்கும் என்று பிறகு வந்த பெரியவர் சொன்னார். பிழை என்னுடையதும்தான், விருந்தினர் வருகிறார்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

முழக்கோல்

இதைப் போல ஐந்தாறு வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வளைந்த பலகையை ஈரமானி சொல்லும்வரை தொடவே கூடாது. மேலும் கீழும் ஒரே எண் வர வேண்டும். சில வீடுகளில் ஒரு முழு ஆண்டு ஆகும்.

நூலடி

ஈரமானி, ஈரமானி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பெட்டியைப் பிரித்து ஏழு நாள் அறையில் வைத்தால் போதாதா? எங்கள் ஆசாரி அப்படித்தான் செய்வார். ஒரு தரையும் கெட்டதில்லை.

முழக்கோல்

தம்பி, ஏழு நாள் என்பது நாள்காட்டிக் கணக்கு. மரத்துக்கு நாள்காட்டி தெரியாது. உங்கள் ஆசாரி வீட்டின் நிலைமையைக் கையால் தொட்டே அறிந்தவராக இருப்பார். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சூளையில் உலர்த்திய ஓக் பெரும்பாலும் 6 முதல் 9 சதவீத ஈரத்தோடு வருகிறது. பூச்சு வேலை முடிந்து சுவர் காயாத வீட்டில் ஏழு நாள் வைத்தால் நல்ல பலகையை நாமே ஈரமாக்குகிறோம். வீடு குடியிருக்கும்போது எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் இருக்குமோ அந்த நிலைக்கு முதலில் வீடு வர வேண்டும். பிறகுதான் பலகை உள்ளே வர வேண்டும். மூன்று அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பலகைக்கும் அடித்தள மரத்துக்கும் இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அதைவிட ஒல்லிப் பலகைக்கு நான்கு வரை பொறுக்கலாம். பத்துப் பெட்டியில் ஒன்றை மட்டும் குத்திப் பார்க்காமல், பல பெட்டிகளில் நாற்பது இடமாவது குத்திப் பாருங்கள்.

காங்கிரீட்டுக்கு வேறு முறை. துளையிட்டு உள்ளே உணரி வைத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்தில் வைக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி வியர்க்கிறதா என்று பார்ப்பது கேலிக்கூத்து. வியர்த்தால் ஈரம் உண்டு என்று தெரியும், வியர்க்காவிட்டால் ஒன்றும் தெரியாது.

மரவண்டு

சரி, நிறத்துக்கு வாருங்கள். அக்கா பாவம், மூன்று நாளாகக் காத்திருக்கிறார்.

அறுத்த மரத்தின் வெளிர் நிறம் அப்படியே இருக்க வேண்டும் என்றால் எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் பூச்சு வேண்டாம். பூசிய அன்றே தேன் நிறம், ஆண்டுகள் போகப் போக இன்னும் மஞ்சள். எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் கலந்து வரும் நீர்வழிப் பூச்சு தெளிவாக நிற்கும். ஆனால் அதுவும் "பூசாதது போல" இருக்காது. மாதிரித் துண்டின் பூசாத பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த ஈர நிறம்தான் ஏறக்குறையக் கிடைக்கும். அதுவும் கருமை என்றால் வெண்மை கலந்த அடிப்பூச்சு வேண்டும். அதை எல்லை மீறிப் போட்டால் ரேகைக்குள் சுண்ணாம்பு தங்கியது போலத் தெரியும்.

எண்ணெய்மெழுகுப் பூச்சு எனக்குப் பிடித்தது. கையால் தொட்டால் மரம் தெரியும், கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பராமரிப்பு அதிகம். சோம்பேறிகளுக்கு ஆகாது, எனக்கு ஆகவில்லை.

நாய் விஷயம்: ஜங்கா என்ற கடினச் சோதனையில் வெள்ளை ஓக் 1360, சிவப்பு ஓக் 1290. அந்த எண் குழி விழுவதைப் பற்றியது. நகக் கீறல் விழுவது பூச்சில்தான். பளபளப்பு குறைந்த பூச்சும், கம்பித் தூரிகையால் ரேகை எழுப்பிய பலகையும் கீறலை மறைக்கும். பளிங்குப் பளபளப்பில் ஒவ்வொரு நகமும் கையெழுத்துப் போடும்.

ஆணிப்பெட்டி

இரும்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். டானினும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பு மை. பழைய காலத்தில் எழுதும் மையே இந்தச் சேர்க்கையில்தான் செய்தார்கள்.

நான் பூச்சுக்கு முன் இரும்புப் பஞ்சால் ஒரு மூலையைத் தேய்த்தேன். துகள் கண்ணுக்குத் தெரியவில்லை. நீர்வழிப் பூச்சு போட்ட மறுநாள் அந்த மூலை முழுவதும் மை தெளித்தது போலக் கரும்புள்ளிகள். மீண்டும் தேய்த்து, ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுத்து, கழுவி, காயவைத்து, மறுபடி பூசினேன். அந்த அமிலம் காய்ந்து தூளானால் மூச்சுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். இரும்புக் கால் வைத்த பூந்தொட்டியும் இதையே செய்யும்.

இன்னொன்று. எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள்.

நூலடி

போடும் முறையில் என் பங்கு.

சுவரை நம்பித் தொடங்காதீர்கள், எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. அறையின் நீளத்துக்கு நூலடித்து, அந்தக் கோட்டில் முதல் வரிசையைப் போடச் சொல்லுங்கள். மாடியில் பலகை சட்டங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும். மூன்று மீட்டர் ரசமட்டக் கோலை வைத்தால் அடித்தளம் 5 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் போட்டால் தரை காலமெல்லாம் கிறீச்சிடும்.

நான்கைந்து பெட்டிகளை ஒன்றாகப் பிரித்துக் கலந்து, ஆணி அடிக்கும் முன்பே தரையில் பரப்பிப் பாருங்கள். ஒரே பெட்டியாகப் போட்டால் ஒரு மூலை வெளுத்தும் ஒரு மூலை கறுத்தும் நிற்கும். அடுத்தடுத்த வரிசைகளில் முனைகள் குறைந்தது எட்டு, பத்து அங்குலமாவது தள்ளி வர வேண்டும், படிக்கட்டுப் போல வரக்கூடாது. சுவரோரம் பலகையின் தடிமன் அளவுக்கு, 19 மி.மீ., இடைவெளி விடுங்கள். ஸ்கர்ட்டிங் என்ற சுவரடிப் பட்டை அதை மூடிவிடும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடிக்க வேண்டும், தரையில் அடித்தால் இடைவெளி விட்டதற்குப் பொருளே இல்லை.

நடையிலிருந்து அறைக்குள் திரும்பும் இடத்தில் காடியும் காடியும் எதிரெதிரே வரும். நடுவே தனி நாக்குத் துண்டைப் பசையிட்டுச் செருகி, திசையை மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாதவர்கள் வாசலில் ஒரு பட்டையை வைத்து மூடுவார்கள்.

வாசற்படி (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

முழக்கோல் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொண்டார். "இருபது வருஷமாகப் போடுகிறேன்" என்றார். ஈரமானியை அவர் கையிலேயே கொடுத்தேன். பலகையில் 7.5. மாடியின் ஒட்டுப்பலகையில் பெரும்பாலான இடங்களில் 10, குளியலறைச் சுவரோரம் 15. அவருடைய முகமே மாறிவிட்டது. ஓடுகளுக்கு அடியில் குழாய் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மேலே புதுத் தரை போட்டிருந்தால் ஈரக்கை அவர்களின் கதைதான் எங்களுக்கும்.

இணைப்பைச் சரிசெய்து, நனைந்த ஒட்டுப்பலகையை வெட்டி மாற்றி, ஐந்து வாரம் காத்திருந்தோம். பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினோம்: மாடிக்கு ஐந்து அங்குல முழுமரம், ரிஃப்டும் குவார்ட்டரும் கலந்தது. கூடத்துக்கு ஏழு அங்குல அடுக்குப் பலகை, மேல் அடுக்கு 4 மி.மீ., காங்கிரீட்டில் நேராக ஒட்டியது. இரண்டும் பூச்சில்லாமல் வாங்கி வீட்டிலேயே ஒரே நீர்வழிப் பூச்சைப் போட்டதால் மாடிக்கும் கீழுக்கும் நிறம் பொருந்துகிறது. போடும் நாளில் அடித்தளம் 9, பலகை 8. அகலப் பலகை என்பதால் மாடியில் ஆணியோடு பசையும் போட்டார். அவரே இப்போது சொந்தமாக ஈரமானி வாங்கிவிட்டார்.

பதினான்கு மாதிரிகளில் ஒன்றையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேய்த்த தரையிலேயே மூன்று பூச்சுகளைச் சதுரம் சதுரமாகப் பூசி, இரண்டு நாள் காலையும் மாலையும் பார்த்து முடிவு செய்தோம். என் கணவர் குவார்ட்டர் மினுக்கத்தைத் தினமும் குனிந்து பார்க்கிறார். முழுமரம் என்பதால் அந்த மினுக்கம் என்று விருந்தினரிடம் சொல்கிறார். நான் திருத்துவதில்லை.

ஒரு சந்தேகம்: கம்பளம் எப்போது விரிக்கலாம்?

மரவண்டு

பூச்சு முழுதாக இறுக இரண்டு, மூன்று வாரமாவது விடுங்கள். பூச்சு டப்பாவில் போட்டிருக்கும் நாளைப் பாருங்கள். அதற்குப் பிறகும் மூன்று மாதம் தள்ளிப்போட்டால் நல்லது. வெளிச்சம் படும் ஓக் நிறம் மாறும், கம்பளத்தின் அடி மாறாது. பிறகு எடுத்தால் தரையில் ஒரு செவ்வகம் தெரியும். ரப்பர் அடி வைத்த விரிப்பு வேண்டவே வேண்டாம். நீராவித் துடைப்பானும் வேண்டாம்.

ஈரக்கை

அந்தக் குளியலறைக் குழாயைப் படித்ததும் மனம் ஆறியது. என் தரை இன்னும் முதுகு தூக்கியேதான் இருக்கிறது.

வாசற்படி

அடுத்தது படிக்கட்டு. தனி இழை தொடங்கவா?

முழக்கோல்

தொடங்குங்கள் அம்மா. மிச்சமான பலகைப் பெட்டியை வண்டி நிறுத்தும் இடத்தில் போட்டுவைக்காமல் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். படியின் மூக்குப் பலகைக்கு அதே மரம் வேண்டும், அதே ஈரத்திலும் வேண்டும்.